அடைத்தவன் சொல்லும் கதையும் அடைபட்டவள் எழுதும் கதையும்: ஒப்பிட்டு எழுத ஒரு வழிகாட்டி

எட்கர் ஆலன் போவின் 'அமான்டிலாடோ பீப்பாய்' 1846ஆம் ஆண்டிலும், சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892ஆம் ஆண்டிலும் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளிவந்தன. இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து, அவற்றில் வரும் சிறையையும் கொடுமையையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால், எது கூடுதல் கொடுமை என்ற கேள்வியைத்தான் மாணவர்கள் முதலில் எழுப்புகிறார்கள். கீழக்கரையிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் வந்து என்னோடு இக்கதைகளை வாசித்த பிள்ளைகளும் அதையேதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழுதப் புகுந்தால் கட்டுரை இரண்டு பத்தியில் நின்றுவிடும். உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டுவது கொடியது என்பார் ஒருவர். மனத்தை மெல்ல மெல்லச் சிதைப்பது அதைவிடக் கொடியது என்பார் மற்றவர். அதற்குப் பிறகு இருவருக்கும் சொல்ல எதுவும் மிஞ்சாது. கொடுமை எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது, என்ன பேச்சைப் பேசிக்கொண்டு வருகிறது, அடைபடுகிறவர் எந்த இடத்தில் அதற்கு உடன்படுகிறார் என்று கேளுங்கள். கதையின் ஒவ்வொரு வரியும் அப்போது உங்களுக்குப் பயன்படத் தொடங்கும்.

கதைகளை இன்னும் வாசிக்காதவர்களுக்காகச் சில வரிகள். போவின் கதையில் மான்ட்ரசோர் என்பவன், தன்னை அவமதித்த ஃபார்ச்சுனாட்டோவைப் பழிவாங்க முடிவு செய்து, திருவிழாக் காலத்தின் ஒரு மாலைப் பொழுதில் அவனைச் சந்திக்கிறான். அமான்டிலாடோ என்ற அரிய ஒயின் ஒரு பீப்பாய் கிடைத்திருப்பதாகவும், அது அசல்தானா என்பதில் தனக்கு ஐயம் இருப்பதாகவும் ஆசைகாட்டி, தன் மாளிகைக்கு அடியில் முன்னோரின் எலும்புகள் குவிந்திருக்கும் நிலவறைக்கு அவனை அழைத்துச் சென்று, சுவர்க்குழி ஒன்றில் சங்கிலியால் பிணைத்து, முன்புறத்தைக் கல்லால் கட்டி மூடிவிடுகிறான். கில்மனின் கதையில், பிள்ளை பெற்று அதிக காலம் ஆகாத ஒரு பெண்ணை, மருத்துவனான அவளுடைய கணவன் ஜான், நரம்புத் தளர்ச்சிக்கு ஓய்வே மருந்து என்று சொல்லி, கோடைக்காலத்துக்கு வாடகைக்கு எடுத்த பெரிய வீட்டின் மாடியறையில் தங்கவைக்கிறான். உடல் தேறும் வரை எந்த வேலையும் செய்யக் கூடாது, எழுதவும் கூடாது. அவள் ஒளித்து எழுதும் குறிப்புகளே கதை. அந்த அறையின் சுவர்த்தாளைப் பார்த்துப் பார்த்து, அதன் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதைக் காணத் தொடங்குகிறவள், முடிவில் தானே அந்தப் பெண்ணாகிவிடுகிறாள். இதற்கு மேல் கதைச் சுருக்கம் உங்கள் கட்டுரையில் இடம்பெற வேண்டியதில்லை.

முதலில் இடத்தை வரையுங்கள்

இரண்டாம் முறை வாசிக்கும்போது பென்சிலும் ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துக்கொண்டு, இரு கதைகளின் இடங்களையும் வரைபடமாக வரையுங்கள். ஓவியத் திறமை தேவையில்லை; கட்டம் போட்டாலே போதும். கில்மனின் அறை வீட்டின் உச்சியில் இருக்கிறது. நாற்புறமும் ஜன்னல்கள், காற்றும் வெளிச்சமும் தாராளம். ஒரு ஜன்னலிலிருந்து தோட்டம் தெரிகிறது. இன்னொன்றிலிருந்து ஒரு வளைகுடாவும், அந்த வீட்டுக்கே சொந்தமான சிறிய படகுத்துறையும் தெரிகின்றன. பாக் நீரிணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஜன்னலின் அருமை தெரியும். ஆனால் ஜன்னல்களில் கம்பிகள் இருக்கின்றன. சுவர்களில் வளையங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கட்டில் தரையோடு ஆணியடிக்கப்பட்டிருக்கிறது. மாடிப்படியின் உச்சியில் ஒரு தடுப்புக் கதவு இருக்கிறது. அது முன்பு குழந்தைகளின் அறையாக இருந்திருக்கும் என்று அவள் ஊகித்துக்கொள்கிறாள். நாம் அப்படி எளிதாக ஊகித்துவிட முடியாது. அந்த வளையங்கள் எதற்கு என்ற கேள்வியை ஆசிரியர் விடையில்லாமல் விட்டுவிடுகிறார்.

போவின் இடம் இதற்கு நேர்மாறாகக் கீழே இறங்குகிறது. மாளிகையிலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து நிலவறை, நிலவறையிலிருந்து எலும்புக் குவியல்களுக்கு நடுவே ஒரு குகையறை, அதற்கு உள்ளே இன்னொரு சிறிய அறை, அந்த அறைச் சுவரில் ஏறத்தாழ நான்கடி ஆழமும் மூன்றடி அகலமும் ஆறேழடி உயரமும் உள்ள ஒரு குழி. ஒவ்வொரு அடியிலும் இடம் சுருங்கிக்கொண்டே போவதை வரைபடம் உங்களுக்குச் சொல்லாமலே காட்டிவிடும். சுவர்களெங்கும் வெடியுப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதாகப் போ மீண்டும் மீண்டும் எழுதுகிறார். இதைப் புரிந்துகொள்ள நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில், பூசிய சில காலத்திலேயே சுவர் ஈரம் குடித்து, உப்புப் பொரிந்து, விரலால் தொட்டால் மாவாக உதிர்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அது வேறு உப்பு, வேறு ஊர் என்றாலும், ஈரச் சுவரில் கை வைக்கும்போது உண்டாகும் கூச்சம் ஒன்றுதான். மான்ட்ரசோர் தன் கைதியிடம் அந்தச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லும் இடம் வரும். அங்கே இந்த அனுபவம் உங்களுக்கு உதவும்.

வரைந்து முடித்த பிறகு, இரு படங்களிலும் மூன்று செய்திகளைக் குறியுங்கள். பூட்டும் சாவியும் யார் கையில் இருக்கின்றன? உள்ளே எழும் குரல் யார் காதுக்கு எட்டும்? வெளியுலகம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது? மான்ட்ரசோர் தன் வேலைக்காரர்களிடம், காலைவரை வரமாட்டேன், யாரும் வீட்டை விட்டு அசையக் கூடாது என்று கட்டளையிட்டு, அவன் முதுகு திரும்பியதும் அவர்கள் எல்லோரும் திருவிழாவுக்கு ஓடிவிடும்படி செய்திருக்கிறான். கில்மனின் வீடு சாலையிலிருந்து உள்ளொடுங்கி, கிராமத்திலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கிறது. கணவன் பகல் முழுவதும் நோயாளிகளைப் பார்க்கப் போய்விடுகிறான், சில இரவுகளிலும் வருவதில்லை. வீட்டைக் கவனிக்கும் நாத்தனார் ஜென்னி கண்காணிப்பாளராகவும் இருக்கிறாள். ஒரு கதையில் கேட்பதற்கு ஆளே இல்லை. மற்றதில் ஆட்கள் இருக்கிறார்கள், பேச்சும் நடக்கிறது, ஆனாலும் அவள் சொல்வது எவர் காதிலும் விழுவதில்லை. கட்டுரையில் எழுதத் தக்க முதல் வேறுபாடு இதுவே.

சொல்பவர் யார், எப்போது சொல்கிறார்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரண்டு கதைகளும் தன்மையில் சொல்லப்பட்டவை. ஒன்றை அடைத்தவன் சொல்கிறான், மற்றதை அடைபட்டவள் எழுதுகிறாள். மான்ட்ரசோர், நடந்து ஐம்பது ஆண்டுகள் ஆனபின், தன் ஆன்மாவை நன்கறிந்த யாரோ ஒருவரிடம் சொல்கிறான். முடிவு தெரிந்தவனுடைய அடுக்கும் ஒழுங்கும் அவன் பேச்சில் இருக்கின்றன. கில்மனின் பெண்ணுக்கு அடுத்த பத்தியில் என்ன நடக்கும் என்பதே தெரியாது. ஜான் வருகிறார், இதை ஒளித்துவைக்க வேண்டும் என்று எழுதிவிட்டுக் குறிப்பைப் பாதியில் நிறுத்துகிறாள். ஆகவே போவின் கதையில் நமக்குக் கிடைக்காதது ஃபார்ச்சுனாட்டோவின் மனம். கில்மனின் கதையில் கிடைக்காதது ஜானின் மனம். எந்தப் பக்கத்துச் சாட்சி நம் கையில் இல்லை என்பதை ஒரே ஒரு வரியிலாவது எழுதிவிட்டு மேலே செல்லுங்கள். அதை எழுதாத கட்டுரைகள், மான்ட்ரசோர் சொல்வதையெல்லாம் நடந்த உண்மையாக எடுத்துக்கொண்டு வழிதவறிப் போகின்றன. ஃபார்ச்சுனாட்டோ தனக்கு ஆயிரம் தீங்குகள் செய்ததாக அவன் முதல் வரியில் சொல்கிறான். அந்த ஆயிரத்தில் ஒன்றைக்கூடக் கதை முழுவதிலும் அவன் எடுத்துச் சொல்வதில்லை.

அக்கறைப் பேச்சைத் தேடி எடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஒரு நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் மான்ட்ரசோர் ஃபார்ச்சுனாட்டோவின் உடல்நலத்தைப் பற்றிப் பேசும் வரிகளையும், வலப்பக்கம் ஜான் தன் மனைவியின் உடல்நலத்தைப் பற்றிப் பேசும் வரிகளையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் நிரம்பிவிடும். முதன்முறையாக இதைச் செய்யும் மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். ஏனெனில் ஒன்று கொலைக்கதை, மற்றது மருத்துவம் பற்றிய கதை என்றே அதுவரை நினைத்திருப்பார்கள்.

இடப்பக்கத்தைப் பாருங்கள். உனக்குக் கடுமையான ஜலதோஷம் பிடித்திருக்கிறது, நிலவறையோ தாங்க முடியாத ஈரம், வேண்டாம் என்று தொடக்கத்திலேயே மான்ட்ரசோர் தடுக்கிறான். ஃபார்ச்சுனாட்டோ இருமும்போது, திரும்பிப் போய்விடுவோம், உன் உடல்நலம் விலைமதிப்பற்றது, நீ எல்லோரும் மதிக்கும் மனிதன், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் பொறுப்பேற்க முடியாது என்கிறான். இருமலால் நான் செத்துவிட மாட்டேன் என்று மற்றவன் சொல்ல, உண்மைதான், உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறான். ஈரத்துக்கு இதமாக இருக்கும் என்று ஒயின் குடிக்கக் கொடுத்து, அவனுடைய நீண்ட ஆயுளுக்காகத் தானும் குடிக்கிறான். சங்கிலியைப் பூட்டி முடித்த பிறகும் இந்தப் பேச்சு நிற்பதில்லை. சுவரைத் தடவிப் பார், எவ்வளவு ஈரம், இன்னொரு முறை மன்றாடிக் கேட்கிறேன், திரும்பிப் போய்விடு, மாட்டாயா, அப்படியானால் உன்னை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதற்கு முன் என்னால் ஆன சிறு சிறு உபசாரங்களையெல்லாம் செய்துவிடுகிறேன் என்கிறான். அந்த உபசாரம், எலும்புக் குவியலுக்குள் முன்கூட்டியே ஒளித்துவைத்திருந்த கல்லும் கலவையும்.

வலப்பக்கத்தில், ஜான் மனைவியை மிகுந்த அன்போடு கவனித்துக்கொள்கிறான் என்று அவளே எழுதுகிறாள்; அவனுடைய தனிப்பட்ட அனுமதி இல்லாமல் அவள் அசையக்கூட முடிவதில்லை என்ற செய்தியும் அதே வாக்கியத்தில் வந்துவிடுகிறது. நாளின் ஒவ்வொரு மணிக்கும் அவளுக்கு ஒரு மருந்தோ விதியோ இருக்கிறது. ரோஜாக் கொடிகள் படர்ந்த கீழறை வேண்டும் என்று கேட்கிறாள். அவன் காது கொடுப்பதில்லை. இந்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை, போய்விடுவோம் என்று இரவில் எழுந்து கேட்கிறாள். குத்தகை முடிய இன்னும் மூன்று வாரம்தான், நீ தேறிக்கொண்டுதான் வருகிறாய், நான் மருத்துவன், எனக்குத் தெரியும் என்கிறான். அவளைச் சிறுமி என்று அழைக்கிறான். தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுக்கவைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறான். எனக்காகவும் நம் குழந்தைக்காகவும் உனக்காகவும், மனம் தேறவில்லை என்ற எண்ணத்தை உள்ளே நுழையவிடாதே என்று கெஞ்சுகிறான். இதில் ஒரு வரியைத் தனியே எடுத்து ஒரு நல்ல கணவனின் வாயில் வைத்தால், எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கட்டுரையின் மையக் கருத்து இந்தப் பக்கத்திலிருந்து வரட்டும். என் கருத்தைச் சொல்கிறேன். உடன்படாதவர்கள் தாராளமாக மறுத்து எழுதலாம். இரு கதைகளிலும் சிறைக்கு அழைத்துச் செல்வது உடல்நலத்தைப் பற்றிய அக்கறைதான். மான்ட்ரசோர் அது பொய் என்று தெரிந்தே பேசுகிறான். அந்தப் பொய்யை நாமும் ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். ஜான் தன் அக்கறை மெய் என்று நம்புகிறான். பொய்யான அக்கறையை ஒருநாள் கண்டுபிடித்து எதிர்க்க முடியும். ஃபார்ச்சுனாட்டோவுக்குப் போதை தெளிந்த கணத்தில் எல்லாம் விளங்கிவிடுகிறது. மெய்யான அக்கறையை எதிர்க்கப் புகுந்தால், எதிர்ப்பவளே நன்றி கெட்டவள் ஆகிறாள், அல்லது எதிர்ப்பே நோயின் அறிகுறி என்று குறித்துக்கொள்ளப்படுகிறது. அவள் மனத்தளவில்கூட ஜான்மீது நேராகக் கோபப்பட முடியாமல் தவிப்பதற்குக் காரணம் இதுதான்.

வகுப்பில் ஒரு மாணவி, "சார், ஜான் கெட்டவர் இல்லையே சார், அவருக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைத்தானே செய்யறாரு?" என்று கேட்டாள். நல்ல கேள்வி, அதையே எழுது என்றேன். கொடுமைக்குக் கெட்ட எண்ணம் கட்டாயம் வேண்டுமா என்ற கேள்வியைக் கதை கேட்கிறது. எங்கள் உரையாடல் அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. எண்ணத்தை வைத்து அளந்தால் மான்ட்ரசோர் மட்டுமே கொடியவன். விளைவை வைத்து அளந்தால் இருவரும். அதிகாரத்தை வைத்து அளந்தால், அதாவது ஒருவர் வேண்டாம் என்று சொல்வதை மற்றவர் எவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடிகிறது என்று பார்த்தால், ஜானின் பக்கம் சட்டமும் மருத்துவமும் கணவன் என்ற உரிமையும் நிற்கின்றன. மான்ட்ரசோரோ இருட்டையும் போதையையும் நம்பியே காரியம் செய்ய வேண்டியிருக்கிறது. இம்மூன்றில் எந்த அளவுகோலைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

வரிசை வரிசையாக, குறிப்பு குறிப்பாக

நெருங்கி வாசிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு பயிற்சி. போவின் கதையில் சுவர் பதினொரு வரிசையாக எழும்புகிறது. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே, அப்போது குழிக்குள்ளிருந்து என்ன ஒலி வருகிறது, மான்ட்ரசோர் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். முதல் வரிசை முடியும்போது ஒரு முனகல். அது குடிகாரனின் முனகல் இல்லை என்று அவனே குறிப்பிடுகிறான். பிறகு நெடிய, பிடிவாதமான மௌனம். நான்காம் வரிசைக்குப் பிறகு சங்கிலியை வெறியோடு உலுக்கும் ஓசை. அதை நன்றாக அனுபவித்துக் கேட்பதற்காகவே மான்ட்ரசோர் வேலையை நிறுத்திவிட்டு எலும்புகளின்மேல் உட்கார்கிறான். ஏழாம் வரிசை மார்பளவுக்கு வந்ததும் தீவட்டியை உயர்த்திப் பார்க்கிறான். உள்ளிருந்து அலறல் பீறிட்டு வந்து அவனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒரு கணம் நடுங்கிப்போகிறான். கையைச் சுவரில் வைத்து அதன் உறுதியைத் தொட்டுணர்ந்ததும் மனம் நிலைகொள்கிறது. பதிலுக்குத் தானும் அலறுகிறான், மற்றவனைவிட உரக்க அலறுகிறான். பத்து வரிசை முடிந்து, கடைசி வரிசையில் ஒரே ஒரு கல் மட்டும் எஞ்சியிருக்கும்போது மெல்லிய சிரிப்பொலியும், இது நல்ல வேடிக்கை என்ற குரலும், கடவுளின் பேரால் என்ற கூக்குரலும் கேட்கின்றன. அந்தக் கூக்குரலை மான்ட்ரசோர் அப்படியே திருப்பிச் சொல்கிறான். கடைசியில் எஞ்சுவது, திருவிழா வேடமாக ஃபார்ச்சுனாட்டோ அணிந்திருந்த கோமாளித் தொப்பியின் மணியோசை மட்டும்.

பெரியபட்டினத்தைச் சேர்ந்த, தந்தை கொத்தனாராக இருக்கும் ஒரு மாணவன், பதினொரு வரிசைக் கல்லை ஒரே ஆள் அந்த இருட்டில் நள்ளிரவுக்குள் வைத்து முடிப்பதென்றால் கை நடுங்காமல் வேலை செய்திருக்க வேண்டும் என்று சொன்னான். எந்தத் திறனாய்வு நூலையும் பார்க்காமல் அவன் சொன்னது கதையின் உயிர்நிலை. மான்ட்ரசோருடைய கொடுமையில் ஒரு தொழிலாளியின் நிதானம் இருக்கிறது. மேலாடைக்குள்ளிருந்து கொத்தனாரின் கரணையை எடுத்துக் காட்டி அவன் முன்பே வேடிக்கை பேசியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதே பயிற்சியைக் கில்மனின் கதைக்கும் செய்யலாம். அங்கே வரிசைகளுக்குப் பதிலாக நாட்குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பிலும் அவள் கண் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். தொடக்கத்தில் தோட்டம், சாலை, வளைகுடா. பிறகு சுவர்த்தாளின் மேற்பரப்பு. அதற்குப் பிறகு கோலத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் உருவம்; நிலா வெளிச்சத்தில் அந்தக் கோலமே கம்பிகளாக மாறுகிறது. பிறகு தாளின் மணம் வீடு முழுவதும் பரவுகிறது, அவள் கூந்தலிலும் தங்குகிறது. துணிகளில் மஞ்சள் கறை படிவதாக ஜென்னி குறைபட்டுக்கொள்கிறாள். சுவரின் அடிப்பகுதியில், யாரோ தோளை உரசிக்கொண்டே சுற்றிச் சுற்றி ஊர்ந்ததுபோல் ஒரு தேய்ந்த கோடு ஓடுவதை அவள் காண்கிறாள். யார் செய்தது என்று வியக்கிறாள். அதைச் செய்தவள் யார் என்பது நமக்கு முடிவில்தான் உறுதியாகிறது. போவின் சுவர் வெளியிலிருந்து கல் கல்லாக எழும்புகிறது. கில்மனின் சுவர் ஏற்கெனவே நிற்கிறது, பார்வைதான் அதை நோக்கி நாளுக்கு நாள் நெருங்குகிறது.

முடிவுகளை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, நான் வெளியே வந்துவிட்டேன் என்று கணவனிடம் அவள் சொல்வதை வைத்து, பெண் விடுதலை பெற்றாள் என்று எழுதி முடிக்கும் கட்டுரைகள் ஏராளம். பக்கத்தை மீண்டும் புரட்டுங்கள். கதவை உள்ளே பூட்டிச் சாவியைக் கீழே எறிந்தவள் அவளே. தன்னை யாரும் வெளியே கொண்டுபோய்விடாதபடி கயிற்றால் கட்டிக்கொண்டவளும் அவளே. ஜான் கதவைத் திறந்து மயங்கி விழுந்த பிறகும் அவள் வெளியே செல்லவில்லை. அறையைச் சுற்றிச் சுற்றி ஊர்கிறாள், ஒவ்வொரு சுற்றிலும் அவன்மேல் ஏறிக் கடக்கிறாள். இதை விடுதலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே வேளையில் தோல்வி என்று மட்டும் எழுதிவிட்டுப் போவதும் நியாயமாகாது. கதையில் முதன்முறையாக அவள் சொல்லை அவன் கேட்க வேண்டியதாகிறது. ஃபார்ச்சுனாட்டோவும் தன் காலால் நடந்தே குழிவரை வந்தான் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடைபடுகிறவரின் ஒத்துழைப்பை எப்படிப் பெறுவது என்பதை இரு கொடுமைகளும் அறிந்திருக்கின்றன.

ஆசிரியர் வாழ்வும் நம் கடற்கரையும்

கில்மனின் வாழ்க்கைச் செய்தி இக்கதைக்கு உண்மையிலேயே உதவும். 1887இல் அவருக்கு நரம்பு நோய் மருத்துவர் ஒருவர் ஓய்வுச் சிகிச்சை அளித்து, ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மட்டுமே அறிவு சார்ந்த வேலை செய்யலாம், உயிருள்ளவரை பேனாவையோ தூரிகையையோ பென்சிலையோ தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதைக் கடைப்பிடித்து மனம் முறிந்துபோகும் எல்லைவரை சென்ற பிறகு, அந்த அறிவுரையை உதறிவிட்டு எழுதத் தொடங்கியதாக அவரே 1913இல் ஒரு சிறு குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். இதற்கு ஒரு பத்தி போதும். போவின் வாழ்க்கையை இக்கட்டுரைக்குள் இழுக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

நம் இராமநாதபுரம் மாவட்டத்து மாணவர்கள் 'மஞ்சள் சுவர்த்தாள்' வாசிக்கும்போது, மனநோய் தீர வேண்டி மக்கள் வரும் தர்கா உள்ள ஏர்வாடியை நினைக்காமல் இருப்பதில்லை, நினைக்கத்தான் வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியில்லாமல் சிக்கி, 28 பேர் உயிரிழந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதைத் தானாக முன்வந்து விசாரித்தது. மனநோய் உள்ள எவரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை விதித்திருக்கிறது. தர்காவுக்கு அவர்களை அழைத்துவந்த குடும்பத்தார் பலர், தங்கள் பிள்ளையோ தாயோ குணமாக வேண்டும் என்ற வேண்டுதலோடு வந்தவர்கள். அக்கறையும் சங்கிலியும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியும் என்பதை இந்தக் கரையில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதைக் கட்டுரையில் எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். கதைகளின் வரிகளை ஆராய்ந்து முடித்த பிறகே வையுங்கள். முன்னால் வைத்தால் அந்தத் துயரத்தின் கனம் கதைகளை மூடிவிடும், நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டியவை வாசிக்கப்படாமலே போகும். இறந்தவர்களை ஒரு வாதத்துக்குச் சான்றாக மட்டும் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி, உரிய மரியாதையோடு, இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். கில்மனின் பெண்ணுக்குச் சங்கிலி இல்லை, சுவரில் வளையங்கள் மட்டுமே இருந்தன என்ற வேறுபாட்டையும் எழுதுங்கள். எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்டு இலங்கைச் சிறைகளில் இருந்துவிட்டு வந்த பாம்பன், இராமேஸ்வரம் மீனவர்களைப் பற்றிச் சிலர் எழுத விரும்புகிறார்கள். அது பெரிய விஷயம்தான். எனினும் அந்தச் சிறை இருநாட்டுச் சட்டத்தின் பெயரால் வருவது, அக்கறையின் பெயரால் வருவது இல்லை. ஆகவே இக்கட்டுரையின் வாதத்தோடு அது ஒட்டாது. அதற்குத் தனிக் கட்டுரை எழுதுங்கள்.

எழுதும்போது

முதல் பாதி முழுவதும் போ, பின்பாதி முழுவதும் கில்மன் என்று எழுதாதீர்கள். அது இரண்டு கட்டுரைகளை ஒட்டவைத்ததாகவே நிற்கும். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு கருத்தை எடுத்து, இரு கதைகளையும் அதற்குள் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் சம நீளம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு பத்தி எப்படி அமையலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

"குழியில் பூட்டிய பிறகும் ஃபார்ச்சுனாட்டோவைத் திரும்பிப் போகும்படி மன்றாடும் மான்ட்ரசோர், தான் ஏற்கெனவே பறித்துவிட்ட ஒன்றைத் தருவதாகச் சொல்கிறான். குத்தகை முடிய மூன்று வாரம்தான் என்று மனைவியைத் தேற்றும் ஜான், தன்னால் அன்றே தரக்கூடிய ஒன்றைத் தள்ளிப்போடுகிறான். முதலாமவன் வாய்ப்பு இல்லாத இடத்தில் வாய்ப்பு இருப்பதாகப் பேசுகிறான். இரண்டாமவன் வாய்ப்பு இருக்கும் இடத்தில் தேவை இல்லை என்கிறான். இருவரும் அடைபட்டவரின் நன்மையையே காரணமாகக் காட்டுகிறார்கள் என்பதால், இவ்விரண்டு மறுப்புகளும் மறுப்பாகவே காதில் விழுவதில்லை."

இந்த மாதிரியில் கதைச் சுருக்கம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் கதையின் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டு நிற்கிறது. மனநோயாளி, பைத்தியம், சைக்கோ போன்ற முத்திரைகளை இரு கதைசொல்லிகள்மீதும் குத்தாதீர்கள். மான்ட்ரசோரைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் அவனுடைய திட்டமிடலுக்கு விளக்கம் இல்லாமல் போகும், அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் ஜானின் தீர்ப்பையே நீங்களும் எழுதிக் கொடுத்தவர்களாவீர்கள். ஆணாதிக்கம், பழிவெறி ஆகிய சொற்களைப் பயன்படுத்தலாம். பயன்படுத்தும் இடத்தில் அதற்கு ஆதாரமான வரி அருகிலேயே இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், இரு கதைகளையும் வாசிக்காத வீட்டார் ஒருவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கேட்டு முடித்தபின், அவன் ஏன் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று சொல்லிக்கொண்டே இருந்தான் என்றோ, அவர் ஏன் அவளை எழுதவிடவில்லை என்றோ அவர்கள் கேட்டால், கட்டுரை சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. ரொம்பக் கொடுமைப்பா என்று மட்டும் சொன்னால், அக்கறைப் பேச்சை எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தை மறுபடியும் திறந்து, விட்டுப்போன வரிகளைக் கட்டுரைக்குள் கொண்டுவாருங்கள்.